‘வர்றேன்’ என்ற சொல்லோடு எட்டு நாள்

குறிஞ்சிப்பாடியில் கைலிக் கட்டுகளை ஏற்றி அனுப்பிவிட்டு பஸ்ஸில் சிதம்பரம் வருவதென்றாலே, புவனகிரி தாண்டுவதற்குள் எனக்கு வயிற்றைப் பிரட்டிவிடும். ஜன்னலோரம் இடம் பிடித்து, வாயில் எலுமிச்சம்பழத் துண்டை அதக்கிக்கொண்டு வருகிற ஆள் நான். அந்த என்னைத்தான் பர்மா எல்லை வரைக்கும் போய்வா என்று அனுப்பினார்கள்.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள். எனக்கு இருபத்தாறு வயது. கடலூரில் ஒரு ஜவுளி மண்டியில் வேலை. நெசவுக்காரர்களிடம் கைலி வாங்கி வருவது, ரகம் பிரிப்பது, கட்டுப்போட்டு அனுப்புவது, இதுதான் என் உலகம். வியாழக்கிழமை சாயங்காலம் சிதம்பரத்தில் இருக்கும் வீட்டுக்கு வருவேன். வீட்டில் உம்மாவும் என் மூத்த சகோதரியும் மட்டும். சகோதரியை நாங்கள் லாத்தா என்று கூப்பிடுவோம். என்னைவிட ஆறு வயது பெரியவள்.

லாத்தாவின் புருஷன், அதாவது என் மச்சான், ரங்கூனில் கடை வைத்திருந்தார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் இரண்டே தடவைதான் ஊருக்கு வந்தார். கடைசியாக வந்துவிட்டுக் கப்பலேறி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் பர்மாவில் கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டது. நம்மாட்கள் கட்டிய துணியோடு கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். கப்பல் வருகிறது என்று கேள்விப்பட்டபோதெல்லாம் மெட்ராஸ் துறைமுகத்துக்கு ஓடினேன். வெயிலில் நின்று இறங்கியவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். மச்சான் வரவில்லை. கடிதாசியும் நின்றுபோனது. குழந்தையும் கிடையாது. லாத்தா புருஷன் உள்ளவளா இல்லாதவளா என்று அவளுக்கே தெரியாது. கல்யாண வீடுகளுக்குப் போனால் எந்த வரிசையில் உட்காருவது என்று தயங்கி நிற்பாள். பார்க்கும்போதே எனக்கு எரிச்சலும் துக்கமும் சேர்ந்து வரும்.

அப்புறம்தான் ஒரு கடிதம் வந்தது. மணிப்பூரில் மோரே என்ற எல்லை ஊரில் கடை வைத்திருக்கும் ஒரு தமிழர் எழுதியிருந்தார். பர்மாவிலிருந்து வந்தவர், பூர்வீகம் குறிஞ்சிப்பாடிப் பக்கம். ‘உங்கள் வீட்டு மாப்பிள்ளை எல்லைக்கு அந்தப் பக்கம் தமு என்ற ஊரில் இருக்கிறார், நலமாக இருக்கிறார், சொல்லலாமா கூடாதா என்று யோசித்து எழுதுகிறேன்’ என்று இருந்தது. நலமாக இருக்கிறார் என்ற வார்த்தையை லாத்தா நாலு தடவை படிக்கச் சொன்னாள்.

“நான் போய்ப் பாக்கணும்” என்றாள். “வர்றாங்களா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாவணும்.”

உம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மண்டி முதலாளி ஒரு மாதம் லீவு கொடுத்தார். சும்மா கொடுப்பாரா? ‘போறதுதான் போற, பர்மாக்காரன் கைலி கட்டுறவன்தானே’ என்று இரண்டு கட்டுக் கைலியை என் தலையில் கட்டினார்.

சிதம்பரம் ஸ்டேஷனில் வண்டி புறப்படுகிற நேரம். ஏறும்போதே எனக்கு அலுத்துவிட்டது. “சரி உம்மா, போறேன்” என்றேன்.

முதுகில் பளாரென்று ஒன்று விழுந்தது. “வாய்ல அடி! கெளம்புற நேரத்துல போறேன்னா சொல்லுவ? வர்றேன்னு சொல்லுடா.”

“வர்றேன், வர்றேன்” என்றேன். இது தமிழ் பேசுகிற எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். கடைத்தெருவுக்குப் போகிறவனும் வாசலில் நின்று ‘வர்றேன்’ என்றுதான் சொல்லிக்கொள்ள வேண்டும். போகிறேன் என்பது திரும்பி வராதவன் சொல்லும் சொல். எங்கள் உம்மாவுக்கு அந்த விஷயத்தில் பிடிவாதம் கொஞ்சம் ஜாஸ்தி. தபால்காரர் ‘போறேம்மா’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தால்கூடத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வார்.

மெட்ராஸ் போய், கல்கத்தா போய், கங்கையை ஸ்டீமரில் கடந்து, அந்தக் கரையில் மறுபடி ரயில் பிடித்து, அதையும் மாற்றி, அசாம் வழியாகத் திமாப்பூரில் இறங்கியபோது எந்தக் கிழமை என்பதே மறந்துவிட்டது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. எனக்கு முந்தி ஏறி எனக்குப் பிந்தி இறங்கிய லாத்தா மட்டும் புர்காவைத் தட்டிவிட்டுக்கொண்டு, “அடுத்து எதுல ஏறணும்?” என்று கேட்டாள். அவளைத் தள்ளிவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

அடுத்து பஸ். அங்கே மலைப்பாதையில் கேட் முறை வைத்திருந்தார்கள். மேலிருந்து வரும் வண்டிகள் எல்லாம் இறங்கி முடிந்த பிறகுதான் கீழேயிருந்து வண்டிகளை விடுவார்கள். காத்துக் கிடந்தோம். டிரைவர் ஒரு சர்தார்ஜி. உள்ளே சிவப்பும் கறுப்புமாகப் போர்வை போர்த்திய நாகாப் பெண்கள், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மார்வாடி, ராணுவத்திலிருந்து லீவில் போகும் நேபாளிகள் இரண்டு பேர், கூடையில் ஏதோ மீனை வைத்துக்கொண்டு மணிப்பூர்க்காரப் பெண்கள். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. ஆனால் எல்லாரும் எல்லாரோடும் அரைகுறை இந்தியில் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் மட்டும் எலுமிச்சம்பழத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

மீன் கூடை வாடை பஸ் முழுக்க அடித்தது. எனக்குக் குமட்டியது. லாத்தா மூச்சை இழுத்து, “நம்ம கடலூர் கருவாட்டுக் கொட்டாய் மாதிரியே இல்ல?” என்றாள். ஊரைவிட்டுப் புறப்பட்டபிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

மேலே ஏற ஏறப் பனி மூடியது. நெய்வேலிப் பக்கம் மார்கழியில் விழும் பனியைத்தான் பனி என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இது வேறு. பாதையின் ஓரம் எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. கிளீனர் இறங்கி முன்னால் நடந்து, பானெட்டைத் தட்டித் தட்டி வழி காட்டினான். சட்டையெல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஒரு வளைவில் வண்டி நின்றபோது, பனிக்குள்ளிருந்து தலையில் பட்டையிட்டுக் கூடை சுமந்த பெண்கள் வந்து ஆரஞ்சு விற்றார்கள். கை மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

இம்பாலில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் ஜீப்பில் மறுபடியும் மலை, மறுபடியும் பனி. வழியில் மூன்று இடத்தில் இறக்கிச் சோதனை போட்டார்கள். மூன்று இடத்திலும் கைலிக் கட்டைப் பிரித்துக் காட்டி மறுபடி கட்டினேன். மலை இறங்கி முடிகிற இடத்தில் மோரே. ஊர் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் மூங்கில் தட்டிக் கடைகள், நடுவில் சேறு. அந்தச் சேற்றில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு கடைக்குள்ளிருந்து, “எலேய், இது நம்மூரு முடிச்சுல்ல!” என்று தமிழ் கேட்டது. கடிதம் எழுதியவர்தான். என் முகத்தைப் பார்த்து அல்ல, கைலிக் கட்டில் போட்ட முடிச்சைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார்.

“வா பாய், உள்ள வா. தங்கச்சி, நீயும் வாம்மா. எம்புட்டுத் தூரம் வந்துருக்கீங்க!” என்று அழுதேவிட்டார் மனிதர். அவர் சம்சாரம் சுடச்சுட டீ கொடுத்தார். அந்த டீயை நான் மறக்கவில்லை.

அந்த அண்ணன் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். தமு மூன்று மைல்தான். நடுவில் ஓர் ஓடை, அதன்மேல் மரப்பாலம். மலைக்காரர்கள் சுமையோடு போகலாம், வரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். நம் மாதிரி ஆள் பாலம் தாண்டினால் அந்தப் பக்கத்து போலீஸ் பிடித்து உள்ளே வைத்துவிடும். ஆனால் அந்தப் பக்கத்தில் இருப்பவர் பாலத்தடிக்கு வந்து நிற்கலாம். வரவேண்டும் என்று நினைத்தால் நடந்து இந்தப் பக்கமே வந்துவிடலாம். எத்தனையோ பேர் அப்படி வந்திருக்கிறார்கள்.

அவர் கடைக்குச் சாமான் சுமக்கும் பெண் ஒருத்தி, குக்கி என்ற மலைச்சாதிக்காரி, தினமும் தமு போய் வருவாள். பர்மியப் பேச்சு தெரியும், தமிழ் தெரியாது. அவளிடம் லாத்தா ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். பைக்குள் குறிஞ்சிப்பாடியில் நானே தேர்ந்தெடுத்த கட்டம் போட்ட கைலி ஒன்று. ‘உங்கள் சம்சாரம் வந்திருக்கிறது, கூட்டிப்போக வந்திருக்கிறது’ என்று அண்ணனின் சம்சாரம், அந்த அண்ணி, பர்மிய பாஷையில் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் மத்தியானம் அந்தப் பெண் திரும்பினாள். கூடையை இறக்கிவிட்டு லாத்தாவுக்கு முன்னால் நேராக வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி, “வரேன்” என்றாள்.

அண்ணி துருவித் துருவிக் கேட்டார். மச்சான் வேறு ஒன்றும் சொல்லவில்லையாம். இந்த ஒரு வார்த்தையைத் தமிழிலேயே சொல்லவேண்டும் என்று மூன்று முறை சொல்லவைத்துப் பழக்கினாராம். எப்படிச் சொன்னார் என்று கேட்டதற்கு, அவள் வலது கையைக் காது வரைக்கும் தூக்கி, தலையை லேசாகச் சாய்த்து, “வரேன்” என்று காட்டினாள். பிறகு, மடித்திருந்த காலிப் பையை லாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

“வர்றேங்கிறாங்க” என்றாள் லாத்தா. முகம் சிவந்துபோயிருந்தது.

எனக்கு அந்தக் கை உயர்ந்த விதத்திலேயே விஷயம் புரிந்துபோனது. எங்கள் வீட்டு வாசலில் நின்று, பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆறு வருஷத்துக்கு முன்னால் மச்சான் அப்படித்தான் கையைத் தூக்கினார். அப்படித்தான் தலையைச் சாய்த்தார். அன்றைக்கும் இதே வார்த்தைதான். வருகிறவன் எப்போது வருகிறேன் என்று சொல்லியிருக்கமாட்டானா? இங்கே நில், அங்கே நில் என்று சொல்லியிருக்கமாட்டானா? எவ்வளவு கெட்டிக்காரன்! மாட்டேன் என்று சொல்லத் துணிச்சலில்லாமல், இந்தப் பக்கம் பார்த்தால் வருகை, அந்தப் பக்கம் பார்த்தால் விடைபெறுதல் என்று ஒரு சொல்லைப் பொறுக்கி எடுத்து அனுப்பியிருக்கிறான். வயிறெரிந்தது எனக்கு. ஆனால் லாத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் பின்பக்கம் போய்விட்டேன்.

அன்றிலிருந்து எட்டு நாள். விடிந்ததும் லாத்தா குளித்து, கொண்டுவந்திருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, கடைக்கு முன்னால் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவாள். பாலத்திலிருந்து வரும் பாதை அங்கிருந்து நேராகத் தெரியும். தெரியும் என்றா சொன்னேன்? ஒன்பது மணி வரைக்கும் ஒன்றும் தெரியாது. பனியாகத்தான் இருக்கும். அந்தப் பனிக்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வருவார்கள். அரிசி மூட்டை, குடைக் கட்டு, மெழுகுவத்திப் பெட்டி, தேயிலை, கருவாடு. இங்கிருந்து மருந்தும் சைக்கிள் சாமானும் கைலியும் அங்கே போகும். தூரத்தில் முதலில் ஒரு நிழல், பிறகு நடை, பிறகு கைலி, கடைசியில்தான் முகம். முகம் தெரியும்வரை வருகிறவன் யாராகவும் இருக்கலாம்.

இதில் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. வந்த இரண்டாம் நாளே முதலாளியின் கைலிகளைச் சந்தையில் விற்றுவிட்டேன். நம் கட்டம் அவர்களுக்குப் பிடித்துப்போய் ஒரே மத்தியானத்தில் காலி. விளைவு என்னவென்றால், நாலாம் நாளிலிருந்து பனிக்குள்ளிருந்து வந்தவர்களில் பாதிப்பேர் மச்சானுக்கு அனுப்பியது போன்ற குறிஞ்சிப்பாடிக் கைலியோடு வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் லாத்தா எழுந்து நிற்பாள். முகம் தெரிந்ததும் உட்காருவாள். விற்ற கை என்னுடையது. அவள் எழுந்து உட்காருவதைப் பார்க்க முடியாமல் நான் கடைக்குப் பின்பக்கம் போய், அண்ணிக்கு விறகு பிளந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் அண்ணி விறகை அடுக்கிக்கொண்டே சொன்னார். “தம்பி, தங்கச்சிகிட்ட சொல்லாத. அங்க அவருக்கு ஒரு பர்மாக்காரப் பொண்ணு இருக்கு. நாலு வயசுல ஒரு புள்ளயும் இருக்கு. சுமக்குற பொண்ணு பாத்துட்டு வந்து சொல்லுச்சு.”

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு தூரம் வந்த அசதி மொத்தமும் அப்போதுதான் என்மேல் இறங்கியது. கோடாலியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். இதை எப்படிச் சொல்வது, எங்கே வைத்துச் சொல்வது, ரயிலிலா, வீட்டுக்குப் போயா என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன்.

எட்டாம் நாள் காலை பனி விலகியதும் லாத்தா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். “கெளம்புவம் தம்பி” என்றாள்.

“இன்னும் ரெண்டு நாள் வேணும்னா...” என்று இழுத்தேன்.

“வேணாண்டா. எனக்கு அன்னைக்கே தெரியும்.” பையை எடுத்து என் முன்னால் நீட்டினாள். “இதப் பாரு. தொவச்சு, காயவச்சு, நாலா மடிச்சு, கைப்புடிய உள்ள சொருகி அனுப்பிருக்கு. ஆம்பள மடிப்பாடா இது? அவுங்களுக்குக் கட்டுற கைலியவே மடிக்கத் தெரியாது.”

அந்தப் பையை நானும் எட்டு நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தொழிலே துணி மடிப்பது. எனக்குத் தெரியவில்லை.

“தெரிஞ்சுமா எட்டு நாளு ஒக்காந்திருந்த?” என்றேன்.

“அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் இருக்குல்ல. அதுக்குத்தான் எட்டு நாளு குடுத்தேன்.”

ஜீப் வந்து நின்றது. சுமைக்காரப் பெண்ணும் கூடையோடு தமு புறப்பட நின்றுகொண்டிருந்தாள். லாத்தா அவள் அருகில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, “போறேன்” என்றாள். “சொல்லு. போறேன்.”

அண்ணி பதறிப்போனார். “ஐயோ தங்கச்சி, அந்தச் சொல்ல சொல்லலாமா? வர்றேன்னு சொல்லி அனுப்பும்மா.”

“இல்லக்கா. இதுக்கு ஒரு அர்த்தந்தான் இருக்கு. அவுங்க கொழம்ப வேணாம்.”

அந்தப் பெண் “போரேன், போரேன்” என்று நாலைந்து முறை சொல்லிப் பார்த்தாள். லாத்தா பொறுமையாகத் திருத்தினாள். நன்றாக வந்தபிறகு கையை விட்டாள். அந்தப் பெண் கூடைப் பட்டையை நெற்றியில் இழுத்துவிட்டுக்கொண்டு, வாய்க்குள் சொல்லியபடியே பாலத்தை நோக்கி நடந்தாள். துணிப்பையை லாத்தா அந்தப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

திரும்பி வந்த வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதே மலை, அதே பனி, அதே கேட். இந்தத் தடவை எனக்கு வயிற்றைப் பிரட்டவில்லை. லாத்தாதான் வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். என் எலுமிச்சம்பழத்தை அவளிடம் கொடுத்தேன். கல்கத்தா வரைக்கும் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். எட்டு நாளும் அவள் சரியாகத் தூங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சிதம்பரத்தில் இறங்கி வீட்டுக்குப் போனபோது பகல் பதினொரு மணி இருக்கும். உம்மா வாசலுக்கு ஓடிவந்து எங்கள் இருவருக்கும் பின்னால் தெருவைப் பார்த்தார். பிறகு லாத்தாவைப் பார்த்தார்.

“மாப்ள என்ன சொன்னாரு?”

பதில் சொல்ல நான் வாயெடுத்தேன். லாத்தா முந்திக்கொண்டாள்.

“வர்றேன்னாங்க உம்மா.”

உம்மா அவள் முகத்தைப் பார்த்தார். அந்தச் சொல்லை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டு வாங்கியவர் அவர். உள்ளே போய், குளிக்க வெந்நீர் போட்டார். எப்போது என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்கப்புறம் ஒருநாளும் கேட்கவில்லை.